விளைச்சலும் விலையும்: ஊவாக் கமக்காரருக்கு ஒரு பொருளாதார விளக்கம்

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்று முன்னோர் கூறிவைத்தனர். இதனை நகைப்புக்காகக் கூறுவோரும் உளர். கணக்கு எழுதாமைக்குச் சாட்டாகக் கூறுவோரும் உளர். அக்காலத்து உழவர் விதையைத் தம் வீட்டிலேயே சேமித்து வைத்தனர். எருவைத் தம் தொழுவத்திலிருந்து பெற்றனர். விளைந்த நெல்லைத் தாமே உண்டனர். அவர்களுடைய வேளாண்மையிற் பணம் புகுந்த இடம் மிகச் சிறிது.

இன்று பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை, பொரலந்தை முதலிய பகுதிகளிலுள்ள கமக்காரரின் நிலை வேறு. பெரும்போகத்தில் நெல் விளையும் வயலிலேயே சிறுபோகத்தில் உருளைக்கிழங்கும் போஞ்சியும் பிற மரக்கறிகளும் பயிரிடப்படுகின்றன. தோட்டங்களில் வாழ்வோரும் லயத்தை அண்டிய சிறு துண்டு நிலத்திலும், குத்தகைக்குப் பெற்ற காணியிலும் கோவா, கரட், லீக்ஸ், பீட்ரூட் என்பவற்றைச் செய்கை பண்ணுகின்றனர். விதை, பசளை, மருந்து, கூலி, லொறி வாடகை ஆகிய அனைத்துக்கும் இவர்கள் பணம் கொடுக்க வேண்டியுள்ளது. விளைந்ததில் பெரும்பங்கை விற்கின்றனர். உண்ணும் அரிசியைப் பலர் கடையிலே வாங்குகின்றனர்.

இத்தகைய வேளாண்மையில் மண்ணையும் மழையையும் அறிந்திருத்தல் மட்டும் போதாது. விலை ஏன் ஏறுகின்றது, ஏன் இறங்குகின்றது, அரசாங்கம் அதிலே தலையிடும்போது யாருக்கு நன்மை, அந்நன்மைக்கான செலவை யார் ஏற்கின்றனர் என்பவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். அவற்றை எளிய முறையில் விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கம்.

1. விலை அமையும் விதம்

வாங்குவோர் ஒரு பொருளைக் குறித்த விலையில் எவ்வளவு வாங்க விரும்புகின்றனரோ அதனைக் கேள்வி என்றும், விற்போர் எவ்வளவு விற்க முன்வருகின்றனரோ அதனை நிரம்பல் என்றும் பொருளியலார் கூறுவர். கேள்வி கூடினால் விலை ஏறும். நிரம்பல் கூடினால் விலை இறங்கும். இதனை நம் சந்தைகளில் யாவரும் கண்டிருப்பர்.

எனினும் மரக்கறியைப் பொறுத்தவரை ஒரு நுட்பம் உண்டு. கோவா மலிந்துவிட்டது என்பதற்காக ஒரு குடும்பம் வழக்கத்தினும் இருமடங்கு கோவாவை உண்பதில்லை. ஆகையால் நிரம்பல் சிறிது கூடினாலும் விலை பெரிதும் வீழ்ந்துவிடுகின்றது. ஒரு சந்தைக்கு நாளொன்றுக்கு 100 மூடை கோவா வருங்கால் மூடை 3000 ரூபாவுக்கு விலைபோகின்றது எனக் கொள்வோம். கமக்காரர் யாவரும் பெறும் மொத்தப் பணம் 3,00,000 ரூபா. அடுத்த வாரத்தில் 120 மூடை வருகின்றது. விலை 2000 ரூபாவாக இறங்குகின்றது. அப்பொழுது மொத்தப் பணம் 2,40,000 ரூபா. இருபது மூடை அதிகமாக விளைவித்தவர்கள் அறுபதினாயிரம் ரூபாவைக் குறைவாகப் பெறுகின்றனர். நல்ல விளைச்சற் காலத்திலே கமக்காரர் கடன்படுவதன் காரணம் இதுவே.

இதற்கு மறுதலையாக, நிரம்பல் சிறிது குறைந்தாலும் விலை மிக ஏறும். 2024 ஆம் ஆண்டு சனவரியில், மழையினால் மலைநாட்டு மரக்கறிச் செய்கை பாதிக்கப்பட்டபோது, கரட் விலை முன்னெப்போதும் இல்லாதவாறு ஏறியதைப் பலரும் நினைவிற் கொண்டிருப்பர். அவ்விலையினால் நன்மை பெற்றவர்கள், மழைக்குத் தப்பிய பயிரை உடையவர்களே. பயிர் அழுகிப்போனவருக்கு உயர்ந்த விலையாற் பயனில்லை. ஆகவே சந்தை விலை உயர்ந்துள்ளது என்ற செய்தியைக் கேட்டவுடன் கமக்காரர் செல்வராயினர் என எண்ணுதல் தவறு.

விலை இடத்துக்கு இடமும் வேறுபடும். வயலிலுள்ள கோவாவுக்கும் கொழும்பிலுள்ள கோவாவுக்கும் இடையே லொறிக்கூலி, ஏற்றிறக்கு கூலி, தரகு, வழியிற் சேதமாகும் பங்கு என்பன நிற்கின்றன. பாதை அடைபட்டால் இவ்விரு விலைகளும் ஒன்றையொன்று விட்டு விலகும். 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய தித்வா புயலின்போது பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல நேர்ந்தன. பாதைகளும் மலைநாட்டுப் புகையிரதப் பாதையும் துண்டிக்கப்பட்டன. அத்தகைய காலங்களில் நகரத்தார் அதிக விலை கொடுத்தும் மரக்கறி பெறார். மலைநாட்டார் குறைந்த விலைக்கும் விற்க இயலார். நல்ல பாதையும் கமத்தொழிலுக்கு வேண்டிய மூலதனமே என்பதற்கு இது சான்று.

2. சென்ற போகத்து விலை

போஞ்சி சென்ற போகத்திற் பெருவிலை பெற்றது என்றால், இப்போகத்தில் அனைவரும் போஞ்சியே நடுகின்றனர். இரண்டு மூன்று திங்கள் கழித்து யாவருடைய விளைவும் ஒரே வாரத்திற் சந்தைக்கு வருகின்றது. விலை வீழ்கின்றது. நட்டமடைந்தோர் அடுத்த போகத்திற் போஞ்சியைக் கைவிடுகின்றனர். நிரம்பல் குறைந்து விலை மீண்டும் ஏறுகின்றது. அவ்விலையைக் கண்டு மறுபடியும் யாவரும் அதனையே நாடுகின்றனர்.

இச்சுழற்சி நம் நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. நடுகைக்கும் அறுவடைக்கும் இடையே காலம் செல்லும் பயிர்கள் எல்லாவற்றிலும், எந்நாட்டிலும், இது காணப்படுவதாகும். சென்ற போகத்து விலை, சென்ற போகத்தில் நட்டவர்களுக்கு உரியது. இப்போகத்து விலையை நிர்ணயிப்பது, இப்போது அயலவர்கள் எதனை எவ்வளவு நடுகின்றனர் என்பதேயாம். ஆகையால் நடுவதற்கு முன் சந்தையை விசாரிப்பதைப் போலவே அயல் நிலங்களையும் நோக்குதல் வேண்டும். நாற்று விற்போரிடம் எப்பயிருக்குக் கிராக்கி மிகுதி என்று கேட்பதும் நல்லதோர் அறிகுறியைத் தரும். எல்லோரும் நாடும் பயிரைத் தாமும் அதே வாரத்தில் நடுவோர், தம் விலையைத் தாமே குறைப்பவராவர்.

3. செலவுக் கணக்கு

பலர் விதைக்கும் பசளைக்கும் கொடுத்த பணத்தை மட்டுமே செலவெனக் கொள்கின்றனர். உண்மையான செலவு அதனினும் பெரிது. அதிலே நான்கு கூறுகளைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, கையிலிருந்து போகும் பணம். உருளைக்கிழங்கிலே விதைகிழங்கின் விலையே செலவிற் பெரும்பங்காகும். மரக்கறியிற் பசளை, மருந்து, கூலி என்பன பெரும்பங்காகும். இவற்றை அன்றன்றே எழுதி வைத்தல் வேண்டும். போக முடிவில் நினைத்து எழுதுங்கால் சிறு செலவுகள் யாவும் மறந்துபோகும்.

இரண்டாவது, சொந்த உழைப்பு. கணவனும் மனைவியும் ஒரு போகத்தில் இருவருமாக 60 நாள் உழைத்து, பிற செலவு நீங்கலாக 60,000 ரூபா பெற்றனர் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு இவர்களுக்குக் கிடைத்தது 1000 ரூபா. அந்நாட்களில் வெளியே வேலை கிடைத்து நாட்கூலி 1500 ரூபா பெற்றிருக்கக்கூடுமாயின், இவர்கள் கைவிட்ட வருவாய் 90,000 ரூபா. ஒன்றைச் செய்வதற்காகக் கைவிடப்படும் மற்றொன்றின் பயனை அமையச் செலவு என்பர். அதனையும் சேர்த்து நோக்கினால் இச்செய்கையில் 30,000 ரூபா நட்டம். வெளியே வேலை கிடைக்காத காலமாயின் இக்கணக்கு மாறும். அப்பொழுது 60,000 ரூபா முழுவதும் ஆதாயமே. தோட்டத்தில் வேலைநாள் குறைவான காலத்திற் காய்கறித் துண்டு இலாபந் தருவதும், வேலை நிறைந்த காலத்தில் அதுவே சுமையாவதும் இதனாலேயே.

மூன்றாவது, கடனின் வட்டி. வியாபாரி ஒருவர் விதைக்காக 50,000 ரூபா முற்பணம் கொடுக்கின்றார். வட்டி வேண்டாம், விளைவைத் தமக்கே தந்தாற் போதும் என்கின்றார். நான்கு திங்களின் பின், சந்தை விலையினும் கிலோவுக்கு 10 ரூபா குறைத்து 1500 கிலோவை எடுத்துக்கொள்கின்றார். குறைந்த தொகை 15,000 ரூபா. நான்கு திங்களுக்கு நூற்றுக்கு 30 வட்டி கொடுத்ததற்கு இது சமமாகும். ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 90. மூடைக்கு மூடை எடையிற் கழிக்கப்படும் கிலோக்களையும் சேர்த்தால் இது இன்னும் ஏறும். வட்டி என்ற சொல் வழங்கப்படாமையால் வட்டி இல்லையென்று ஆகாது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் பெறும் அலைச்சல் எவ்வளவுக்குத் தகும் என்பதை இக்கணக்கைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும்.

நான்காவது, சென்று முடிந்த செலவுக்கும் இனி வரும் செலவுக்கும் உள்ள வேறுபாடு. கோவாப் பயிருக்குக் கிலோவொன்றுக்கு 30 ரூபா ஏற்கனவே செலவாகிவிட்டது. அறுத்து, மூடை கட்டி, லொறியேற்றி, தரகு கொடுக்க மேலும் 25 ரூபா வேண்டும். சந்தை விலை 40 ரூபா. மொத்தச் செலவு 55 ரூபா ஆகையால் நட்டமென்று பயிரை வயலிலே விடுதல் தகாது. அறுத்து விற்றால் 25 ரூபா போக 15 ரூபா கையில் வரும்; நட்டம் 30 ரூபாவிலிருந்து 15 ரூபாவாகக் குறையும். சந்தை விலை 20 ரூபாவாயின் நிலை வேறு. அப்பொழுது அறுப்பதனால் மேலும் 5 ரூபா நட்டம் கூடும். அதனை மண்ணிலே மடக்கி உழுது பசுந்தாட் பசளையாக்குதலே அறிவுடைமை. போன பணத்துக்காக வருந்தி இருக்கும் பணத்தையும் இழத்தல் ஆகாது.

4. நெல்லுக்கு உத்தரவாத விலை

கோவாவைப் போலன்றி நெல்லை உலர்த்திப் பல திங்கள் வைத்திருக்கலாம். அதனாலேயே அரசாங்கத்தால் நெல்லை ஒரு குறித்த விலைக்கு வாங்கிச் சேமித்து வைக்க முடிகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, கப்பல்கள் வருவது அரிதாகி அரிசிக்குத் தட்டுப்பாடு நேர்ந்த 1942 ஆம் ஆண்டில், இலங்கை அரசாங்கம் உள்நாட்டு நெல்லைக் கொள்வனவு செய்யத் தொடங்கிற்று. 1948 ஆம் ஆண்டில் உத்தரவாத விலைத் திட்டம் அமைந்தது. அப்போது ஒரு புசல் நெல்லின் விலை 8 ரூபா. 1952 ஆம் ஆண்டில் அது 12 ரூபாவாகவும், 1967 ஆம் ஆண்டில் 14 ரூபாவாகவும், 1977 ஆம் ஆண்டில் 40 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. கொள்வனவு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நடைபெற்றது. 1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தினால் நெல் சந்தைப்படுத்தல் சபை நிறுவப்பட்டது.

உத்தரவாத விலையின் பயன் இரண்டு. களத்திலே நெல் குவிந்து விலை வீழும்போது கமக்காரருக்கு அது ஓர் அடித்தளமாக நிற்கின்றது. வியாபாரியும் அவ்விலையை அறிந்திருப்பதால், அதற்கு மிகக் கீழே கேட்கத் தயங்குவர். ஆனால் இவ்விரண்டாவது பயன், அரசாங்கத்திடம் வாங்குவதற்குப் பணமும், வைப்பதற்குக் களஞ்சியமும், ஏற்றுவதற்கு லொறியும் உரிய வாரத்தில் இருந்தால் மட்டுமே கிடைக்கும். விலையை அறிவிப்பது எளிது. அறுவடை வாரத்திலே கொள்வனவு செய்வதே அரிது. நெல் விளைவிற் பெரும்பங்கு இன்றும் தனியார் ஆலைக்காரரிடமும் வியாபாரிகளிடமுமே செல்கின்றது.

2025 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரசாங்கம் ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு 120 ரூபாவும், சம்பாவுக்கு 125 ரூபாவும், கீரிச்சம்பாவுக்கு 132 ரூபாவும் கொள்வனவு விலையாக அறிவித்தது. இத்தகைய விலை நன்கு உலர்ந்த நெல்லுக்கு உரியது. ஈரப்பதன் நூற்றுக்கு 14 என்னும் அளவை மீறலாகாது. களத்திலிருந்து ஈரத்தோடு விற்போருக்கு விலை குறைவதில் வியப்பில்லை. வாங்குபவர் தண்ணீரின் எடைக்கும் உலர்த்தும் கூலிக்கும் சேர்த்தே கழிப்பர். இரண்டொரு நாள் வெயிலில் உலர்த்துவதற்குப் பாயும் இடமும் உள்ளோர் அவ்வேறுபாட்டைத் தாமே பெறுவர்.

5. ஒருவரின் வரவு மற்றொருவரின் செலவு

நெல்விலை ஏறவேண்டும் என்பது கமக்காரரின் வேண்டுதல். அரிசிவிலை இறங்கவேண்டும் என்பது வாங்குவோரின் வேண்டுதல். பண்டாரவளையை அண்டிய குடும்பங்கள் பலவற்றிலே இவ்விரு வேண்டுதல்களும் ஒரே வீட்டுக்குள் எழுகின்றன. போஞ்சியை விற்கும் தோட்டக் குடும்பம் அரிசியை வாங்குகின்றது. நெல்லை விற்கும் குடும்பம் மரக்கறியையும் மாவையும் வாங்குகின்றது. எனவே ஒரு விலையை மட்டும் நோக்கி ஒரு கொள்கையை நன்றென்றோ தீதென்றோ கூறிவிட இயலாது.

இவ்விரு வேண்டுதல்களையும் ஒருங்கே நிறைவேற்ற முயன்றால், இடையிலுள்ள வேறுபாட்டைத் திறைசேரி ஏற்கவேண்டும். 1950 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் இலங்கையில் நிகழ்ந்தது இதுவே. அரசாங்கம் உள்நாட்டு நெல்லுக்கு நல்ல விலை கொடுத்தது. வெளிநாட்டு அரிசியையும் அதிக விலைக்கு வாங்கியது. பங்கீட்டு அரிசியைக் கொத்து 25 சதத்துக்கு விற்றது. வேறுபாட்டைத் திறைசேரியாற் சுமக்க முடியாத நிலையில், 1953 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் கொத்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். அவ்வாண்டு ஆகத்து 12 ஆம் நாள் நாடெங்கும் கர்த்தால் நடைபெற்றது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து அறியத்தக்கது யாதெனில், மானியம் என்பது வானத்திலிருந்து விழும் பொருளன்று. அதனை வரியாகவோ, கடனாகவோ, புதிதாக அச்சிடும் பணமாகவோ யாரோ ஒருவர் கொடுத்தே ஆகவேண்டும். நீண்டகாலம் பழகிய மானியத்தை ஒரே நாளில் நீக்கினால் ஏழைகளே முதலில் வருந்துவர். மானியம் பெறுவோரும் அது என்றும் நிலைக்கும் என்று எண்ணித் தம் செய்கை முழுவதையும் அதன்மேல் அமைத்துக்கொள்ளுதல் ஆபத்து.

6. உருளைக்கிழங்கு கற்பித்த பாடம்

இவ்வுண்மையை நம் பகுதிக்கு மிக நெருக்கமாக உணர்த்திய பயிர் உருளைக்கிழங்காகும். 1967 ஆம் ஆண்டில் உணவுக்கான உருளைக்கிழங்கை இறக்குமதி செய்வது தடுக்கப்பட்டது. வெளிநாட்டுக் கிழங்கு வராமையால் உள்நாட்டு விலை உயர்ந்து நின்றது. நுவரெலியாவிலும், வெலிமடை, பண்டாரவளைப் பகுதிகளிலும், யாழ்ப்பாணத்திலும் உருளைக்கிழங்குச் செய்கை பெருகிற்று. சிறுபோகத்தில் நெல்லுக்குத் தண்ணீர் போதாத வயல்களிலே கிழங்கு நடப்பட்டது. அதனால் வந்த பணத்திற் பலர் வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். அந்நன்மையை மறுத்தல் இயலாது.

அதற்கான விலையைக் கொடுத்தவர் நாட்டிலுள்ள கிழங்கு வாங்குவோர் யாவருமாவர். மலிந்த கிழங்கை வாங்க முடியாமல் உயர்ந்த விலை கொடுத்தனர். மேலும் உயர்ந்த விலை நிலைத்ததனால், விதைகிழங்கு எவ்வளவு உயர்ந்த விலைக்கு வந்தாலும் வாங்கலாம், பசளையையும் மருந்தையும் தாராளமாக இடலாம் என்ற பழக்கம் சிலரிடம் வேரூன்றிற்று. செலவு பெருகியது, விலை அதனை மறைத்தது.

1996 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. இந்தியா, பாக்கித்தான் முதலிய நாடுகளின் கிழங்கு மலிவாக வந்தது. அந்நாடுகளிற் செலவு குறைவு, நிலப்பரப்பு பெரிது. சில ஆண்டுகளுக்குள் நம் நாட்டின் உருளைக்கிழங்குச் செய்கை வெகுவாகச் சுருங்கிற்று. கடன்பட்டுச் செய்கை பண்ணியோர் மிகத் துன்புற்றனர். அதே வேளையில் நகரங்களிலும் தோட்டங்களிலும் கிழங்கு வாங்கியவர்களுக்கு விலை இறங்கியது.

இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட வழியே இறக்குமதித் தீர்வை. தடை என்பது வெளிநாட்டுப் பொருளை முற்றாக நிறுத்தும். தீர்வை என்பது அதன் விலையை உயர்த்தி வரவிடும். 2007 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருளைக்கிழங்கு, வெங்காயம் முதலிய பொருட்களுக்கு விசேட அறவீடு விதிக்கப்பட்டது. உள்நாட்டு அறுவடைக் காலத்திலே அதனை உயர்த்துவதும், தட்டுப்பாட்டுக் காலத்திலே குறைப்பதும் வழக்கமாயிருந்தது. இதன் தொகை இரவோடிரவாகவும் மாறக்கூடும். கிழங்கு மண்ணிலே நிற்கும் மூன்றரைத் திங்களுக்குள் தீர்வை குறைந்தால், நட்டபோது இட்ட கணக்கு பொய்த்துவிடும். ஆகையால் உருளைக்கிழங்கு நடுவோர், தீர்வை இல்லாவிடினும் தம் செலவு மீளுமா என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மீளாதெனின் நிலம் முழுவதையும் அப்பயிருக்கு விடாமல் ஒரு பங்கை மட்டும் விடுதல் நன்று.

7. அந்நியச் செலாவணியும் பசளையும்

வெளிநாட்டுப் பொருளை வாங்குவதற்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும். அதனை நம் நாடு ஏற்றுமதியாலும், வெளிநாடுகளில் உழைப்போர் அனுப்பும் பணத்தாலும், உல்லாசப் பிரயாணிகளாலும் ஈட்டுகின்றது. நீண்டகாலமாக இதிற் பெரும்பங்கைத் தேயிலையும் இறப்பரும் தெங்கும் ஈட்டிக் கொடுத்தன. 1952 ஆம் ஆண்டில் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட இறப்பர் அரிசி ஒப்பந்தம் இதற்குத் தெளிவான சான்று. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரை இலங்கை கொடுக்க, 2,70,000 தொன் அரிசியைச் சீனா தர உடன்பட்டது. தோட்டத் தொழிலாளர் வெட்டிய பாலே நாட்டு மக்களின் சோறாயிற்று. ஊவாத் தோட்டத்திற் பறிக்கப்படும் கொழுந்தும் அவ்வாறே வெளிநாட்டுப் பணமாகி, பசளையாகவும் எண்ணெயாகவும் மருந்தாகவும் நாட்டுக்குத் திரும்புகின்றது.

செலாவணி குறைந்தால் நேர்வன யாவை என்பதை அண்மைக்காலம் காட்டிற்று. 1962 ஆம் ஆண்டு முதல் நெற்செய்கைக்குப் பசளை மானியம் வழங்கப்பட்டு வந்தது. 2005 ஆம் ஆண்டை அடுத்து 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. அவ்வளவு மலிவாகப் பழகிய கமக்காரருக்கு, 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டமை பேரிடியாயிற்று. சேதனப் பசளை மண்ணுக்கு நல்லதே. ஆயினும் ஒரே போகத்தில் நாடு முழுவதற்கும் வேண்டிய அளவை ஆக்கிக்கொள்ளல் இயலாது. நெல்லும் தேயிலையும் மரக்கறியும் விளைச்சல் குன்றின. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. எனினும் 2022 ஆம் ஆண்டு மார்ச்சு தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவு உயர்ந்தது. ஆகவே பசளையின் வெளிநாட்டு விலை மாறாதிருப்பினும் நம் கமக்காரர் ரூபாவில் மிக அதிகமாகக் கொடுக்க நேர்ந்தது. விதைகிழங்கும் மருந்தும் அவ்வாறே உயர்ந்தன. வெளிநாட்டிலிருந்து வரும் உள்ளீடுகளை எவ்வளவுக்கு ஒரு செய்கை நம்பியுள்ளதோ, அவ்வளவுக்கு அது டொலரின் ஏற்றத்துக்கும் உட்பட்டது.

8. பணவீக்கம்

1952 ஆம் ஆண்டில் ஒரு புசல், அதாவது ஏறக்குறைய 21 கிலோ நெல்லுக்கு 12 ரூபா. கிலோவொன்றுக்கு ஏறக்குறைய 57 சதம். 2025 ஆம் ஆண்டில் நாட்டு நெல்லின் அறிவித்த விலை கிலோ 120 ரூபா. இது இருநூறு மடங்குக்கு மேல். கமக்காரரின் செல்வம் இருநூறு மடங்காயிற்றா என்றால் இல்லை. பணத்தின் பெறுமதி குறைந்ததனாற் பெரும்பாலான பொருட்களின் விலையும் கூலியும் உயர்ந்தன. இதனையே பணவீக்கம் என்பர். 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஓராண்டுப் பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆகவும், உணவுப் பொருட்களில் அது 94.9 ஆகவும் இருந்தது.

இதனைத் தம் கணக்கிலும் கமக்காரர் காணலாம். ஒருவர் சென்ற ஆண்டில் 1,00,000 ரூபாவுக்கு விற்றார். செலவு 70,000 ரூபா. மிச்சம் 30,000 ரூபா. இவ்வாண்டில் 1,50,000 ரூபாவுக்கு விற்றார். செலவு 1,30,000 ரூபா. மிச்சம் 20,000 ரூபா. கையிற் புரண்ட பணம் கூடியது. மிஞ்சிய பணம் குறைந்தது. அரிசியின் விலையும் இடையில் ஏறியிருப்பின், அந்த 20,000 ரூபா வாங்கும் அரிசி இன்னும் குறைவு. ஆகவே இத்தனை இலட்சத்துக்கு விற்றேன் என்பதைக் கொண்டு மகிழ்தலாகாது. மிஞ்சியது எத்தனை, அது எத்தனை கிலோ அரிசிக்குச் சமம் என்றே நோக்குதல் வேண்டும்.

9. கமக்காரர் செய்யத்தக்கவை

அரசாங்கத்தின் கொள்கையைத் தனி ஒருவரால் மாற்ற இயலாது. சந்தை விலையையும் தனி ஒருவரால் நிர்ணயிக்க இயலாது. தம் செலவும், நடும் காலமும், விற்கும் முறையும் பெருமளவுக்குக் கமக்காரரின் கையிலேயே உள்ளன. ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நலம்.

(அ) ஒவ்வொரு பயிருக்கும் தனித்தனிப் பக்கமாக ஒரு கொப்பியில் வரவு செலவை எழுதிவருக. சொந்த உழைப்பு நாட்களையும் குறித்து வைக்க. எழுதும் பொறுப்பைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் ஒப்படைப்பினும் நன்றே.

(ஆ) கிலோவொன்றுக்கு எவ்விலை கிடைத்தாற் செலவு மீளும் என்பதை நடுவதற்கு முன்னரே கணக்கிடுக. அவ்விலை ஒரு நல்ல ஆண்டில் மட்டுமே கிடைக்கக்கூடியதாயின் அச்செய்கையைக் குறைத்துக்கொள்க.

(இ) நிலம் முழுவதையும் ஒரே நாளில் ஒரே பயிரால் நிரப்பாதிருக்க. இரண்டு மூன்று பயிர்களாகவும், வாரக்கணக்கில் இடைவெளி விட்டும் நடுக. மிக உயர்ந்த விலை முழுவதும் கிட்டாவிடினும், மிகத் தாழ்ந்த விலை முழுவதும் தாக்காது.

(ஈ) அறுப்பதற்கு முன் விலையை விசாரிக்க. கெப்பெட்டிபொல, தம்புள்ளை ஆகிய பொருளாதார மத்திய நிலையங்களின் விலையையும், ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் வெளியிடும் சந்தை விலைகளையும் தொலைபேசி வழியாகவே அறிந்துகொள்ளலாம். தரகர் சொல்லும் ஒரே விலையை மட்டும் கேட்டு விற்றல் கூடாது.

(உ) தரம் பிரித்து விற்க. நல்லதும் தீயதும் கலந்த மூடைக்கு, தீயதன் விலையே கிடைக்கும்.

(ஊ) அயலிலுள்ள ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே லொறியில் ஏற்றுக. மூடைக்குரிய வாடகை குறையும். எடை நிறுக்கும்போது ஒருவர் உடனிருக்கவும் இயலும். பசளையையும் இவ்வாறே ஒன்றுகூடி வாங்கலாம்.

(எ) மண்ணைப் பரிசோதித்து வேண்டிய அளவுக்கே பசளை இடுக. தேவைக்கு மேல் இடப்படும் ஒவ்வொரு கிலோவும் கழுவுண்டு ஓடையிற் சேரும் பணமாகும். கூட்டெருவையும் சாணத்தையும் சேர்த்துக்கொள்வோர், டொலர் ஏறும் ஆண்டில் அந்தளவுக்குக் குறைவாக வருந்துவர்.

(ஏ) நல்விலை கிடைத்த போகத்தில் மிச்சத்தின் ஒரு பங்கை அடுத்த போகத்து விதைக்கென ஒதுக்கி வைக்க. விதைக்குக் கைப்பணம் உள்ளவர், விளைவை முற்பணத்துக்கு அடகு வைக்க வேண்டியதில்லை. விரும்பிய இடத்தில் விரும்பிய நாளில் விற்கலாம்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதிக் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசிச் சேவை மூலமும் ஆலோசனை பெறலாம். அவர்களிடம் செல்லும்போது செலவுக் கொப்பியையும் உடன் கொண்டு செல்க. நோயுற்ற இலையைக் காட்டி மருந்து கேட்பதைப் போல, நட்டமுற்ற கணக்கைக் காட்டி வழி கேட்பதும் கமக்காரருக்கு உரிமையே.